சிவப்பு வட்டத்துக்குள் எங்கள் மகள்

செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் செய்தி வாசிப்பாளர்களும் நலமாக இருப்பது எங்கள் தெரு முழுக்கக் கேட்கிறது. நானும் என் மனைவியும் இப்போதுதான் நலம்.

நான் ஓய்வுபெற்ற தபால்காரன். இரண்டு நாடுகள் சொந்தம் கொண்டாடுகிற அந்தப் பாறைத் தீவில், வானிலை நிலையத்தில் மழை அளக்கும் வேலை எங்கள் ஒரே மகளுக்கு. நேற்று மாலை தாங்கள் அந்தத் தீவைக் காட்டி, மங்கலான ஓர் உருவத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'நம் மண்ணில் எதிரிப் படை! கையில் நவீனத் துப்பாக்கி!' என்று அலறினீர்கள். நானும் "விடாதீங்க, சுடுங்க!" என்று காபி டம்ளரோடு எழுந்துவிட்டேன். என் மனைவி கிட்டே போய் உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, இது நம்ம பொண்ணுங்க."

"உளறாதே. அது எதிரி."

"எதிரிக்கு நான் பின்னின ஸ்வெட்டர் எப்படிங்க கிடைச்சுது? ஒரு கை நீளமாப் போச்சுன்னு நீங்கதானே கிண்டல் பண்ணீங்க?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எதிர் நாட்டுக்காரர்களாவது அவளைக் காப்பாற்றுவார்களா என்று அவர்கள் சேனலைத் திருப்பினால் அதே படம், அதே வட்டம், நிறம் மட்டும் நீலம். தங்கள் விவாதத்தில் மீசைக்காரர் "பார்த்த இடத்துல சுடணும்" என்கிறார். அங்கே கண்ணாடிக்காரர் சொல்வதும் அதுதான் என்பது, மொழி தெரியாவிட்டாலும், மேசையைக் குத்திய குத்திலேயே புரிந்தது. இரண்டு நாடும் ஒத்துப்போக என் மகள்தானா அகப்பட்டாள் என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட, என் மனைவி விடாமல் போன் போட்டு மகளை ஒருவழியாகப் பிடித்தாள்.

"படை வந்திருக்காமேடி?"

"படையாம்மா? அந்தப் பக்கத்து மீன்பிடிக்கிறவங்க ரெண்டு பேர் குடிதண்ணி கேட்டு வந்தாங்க. குடுத்தேன். மீன் குடுத்துட்டுப் போனாங்க."

"கையில துப்பாக்கின்னு காட்டுறாங்களே!"

"துடைப்பம்மா! மழைமானி பூரா பறவை எச்சம். ஐயோ, மீன் கருகுது, வைக்கிறேன்!"

மீன் கருகுகிறதே என்று ஒருத்தி கவலைப்படுகிற இடத்தில் போர் நடக்கவில்லை ஐயா. எங்களுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆகவே அது துடைப்பம்தான் என்று, அதே உரத்த குரலில், இன்றைய செய்தியிலேயே திருத்தம் சொல்லக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பிள்ளைகள் எங்கிருந்தாலும் வட்டத்துக்கு வெளியே சௌக்கியமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
எதிரியைப் பெற்றவன்

பின்குறிப்பு: இதை உறையிலிடப் போகும்போது வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். "டி.வி.யில துப்பாக்கியோட நின்னது உங்க பொண்ணாமே? முதல்லயே சொல்லக் கூடாதாங்க?" என்றார், உட்காரக்கூட இல்லாமல். இத்தனை வருடமாகக் காதில் போட்டுக்கொள்ளாத கூரை ஒழுகலை அடைக்க நாளைக்கே ஆள் அனுப்புகிறாராம். ஆகையால் பூச்சு காயும்வரை திருத்தம் எதுவும் வேண்டாம். முடிந்தால் இன்றைக்கும் அந்தப் படத்தை ஒருமுறை காட்டுங்கள், சற்றுப் பெரிதாக.