நான்காவது போல்ட்

மூன்று போல்ட்டுகள் கழன்றுவிட்டன. நான்காவது மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. இடப்பக்கம் திருகினால் இடப்பக்கம் சுற்றியது, வலப்பக்கம் திருகினால் வலப்பக்கம். மேலே வரவுமில்லை, கீழே போகவுமில்லை. குலசிங்கம் அரை மணித்தியாலமாகப் படகின் முன்தளத்தில் முழங்காலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கும்பிடுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியில் மனைவி இராசமலருக்கு ஃபோன் எடுத்தார். "உள்ளுக்கு இருக்கிற நட்டும் சேர்ந்து சுத்துது. ஒராள் உள்ளுக்குப் படுத்திருந்து ஸ்பானராலை பிடிக்கவேணும்."

"ஆர்?" என்று கேட்டார் இராசமலர். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது.

குலசிங்கம் மவுண்ட் ஆல்பர்ட்டில் இருபது வருடமாகப் பொய்ப்பல் செய்பவர். கடலோடு அவருக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. எல்லாம் மனைவியின் தமையன் பாஸ்கரனால் வந்த வினை. பாஸ்கரனிடம் ஓர் எஞ்சின் படகு இருந்தது. எந்தப் பிறந்தநாள் விழாவிலும் கேக் வெட்டி முடிவதற்குள் பேச்சு அந்தப் படகுக்கு வந்துவிடும். போன முறை, குலசிங்கத்துக்கு நீச்சல்குளத்திலேயே தலைசுற்றும் என்று பாஸ்கரன் சொல்லப்போய், இருபது பேர் சிரித்தார்கள். குலசிங்கம் எழுந்து நின்றார். மார்ச் மாதம் முதல் சனிக்கிழமை தன் பாய்மரப் படகில் மச்சானை ஏற்றி ரங்கிடோட்டோ தீவைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்போது அவரிடம் படகே இல்லை.

அடுத்த வாரமே, ஃபோனில் வந்த படங்களை மட்டும் பார்த்து ஒன்றை வாங்கினார். விற்றவர் பிரிஸ்பேனுக்குக் குடிபோய்விட்டவர். கரையோரப் படகு முற்றத்தில் ஆறாவது வரிசை, வெள்ளைப் படகு, நீலக்கோடு, கதவுக்குப் பூட்டில்லை என்று அடையாளம் சொன்னார். குலசிங்கம் போய்ப் பார்த்தார். கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்த படகுகளுக்கு நடுவே நீலக்கோடு தெரிந்தது. கதவைத் தள்ளினார், திறந்தது. தளத்தில் கயிறு சுற்றிக் கட்டும் கிளீட் என்ற இரும்புக் கொம்புகள் நாலும் துருவேறி ஆடிக்கொண்டிருந்தன. ஆடுகிற பல் நாலு, மாற்றினால் முடிந்தது என்று நினைத்தார். முதல் கொம்பின் நான்காவது போல்ட்டிலேயே வேலை நின்றுவிட்டது.

இராசமலர் வந்து, முன்பக்கத்துப் பொந்துக்குள் வயிற்றால் ஊர்ந்து போய், முகட்டைப் பார்த்துப் படுத்தார். ஒரு தட்டுத் தட்டினால் பிடிக்கவேண்டும், இரண்டு தட்டினால் விடவேண்டும் என்று ஏற்பாடு. குலசிங்கம் ஒரு தட்டுத் தட்டினார். கேட்டதோ இல்லையோ என்று இன்னொன்றும் தட்டினார். இரண்டு தட்டென்று எண்ணி இராசமலர் ஸ்பானரை விடப்போனார். அதற்குள் குலசிங்கம் முழுப் பலத்தையும் போட்டுத் திருகியதில் போல்ட் தலை முறிந்து கையோடு வந்தது.

மிச்சத்தைத் துளைபோட்டு எடுத்தார். துளை வழியாக ஒரு கோப்பை தேத்தண்ணி நிறத் தண்ணீர் இராசமலரின் முகத்தில் கொட்டியது. தளத்துக்குள் இருந்த மரம் தேநீரில் தோய்த்த ரஸ்க் மாதிரி ஊறிப்போயிருந்தது. ஊறியதைச் சுரண்டி எடுக்கச் சுரண்ட, விரல் நுழையாத துளை இடியப்பத் தட்டளவுக்கு வந்துவிட்டது.

"இப்ப ஆளை ஆள் பாத்துக் கதைக்கலாம், தட்டத் தேவையில்லை," என்றார் கீழேயிருந்து இராசமலர்.

இதையெல்லாம் படகுக்கு வெளியே தரையில் ஒரு மடிப்புக் கதிரையில் அமர்ந்து ஒரு மனிதர் ரசித்துக்கொண்டிருந்தார். சென்னைக்காரர். சனிக்கிழமை தவறாமல் காப்பிப் பிளாஸ்க்கோடு வந்துவிடுவார். பக்கத்தில் பாசி பிடித்து நின்ற படகு அவருடையது என்பது குலசிங்கத்துக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. ஒரு நாளாவது அந்த மனிதர் எழுந்து போய் அதைத் தொட்டதில்லை. சோம்பேறி என்றாலும் நல்ல மனிதர். இவர்களுக்கும் காப்பி ஊற்றித் தருவார். இராசமலர் பொந்துக்குள் இருந்து வெளியே வந்ததைப் பார்த்து, "வீட்டம்மாவும் கூட வேலை செய்யறாங்களா, ரொம்ப நல்லது," என்று மனதாரப் பாராட்டினார்.

பள்ளத்தை நிரப்ப, இரண்டு திரவங்களைக் கலந்து இறுக வைக்கும் எபொக்சிப் பசை வாங்கினார் குலசிங்கம். சின்னச் சின்னதாகக் கலக்கச் சொல்லி டப்பாவில் எழுதியிருந்தது. பள்ளம் பெரிது என்பதால் அவர் ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறையக் கலந்தார். அது கொதித்தது. பிறகு புகைந்தது. பதறிப்போய் முழுவதையும் பள்ளத்தில் கவிழ்த்தார். உள்ளே ஓட்டைக்கு அடியில் பலகை முட்டுக்கொடுத்திருந்த இராசமலர் நல்லவேளையாகக் கையை எடுத்துக்கொண்டார், ஸ்பானரை எடுக்கவில்லை. ஸ்பானர் அன்றிலிருந்து படகின் நிரந்தர உறுப்பாகிவிட்டது.

புதுக் கொம்பின் துளைகளும் பழைய துளைகளும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்கவில்லை. புதிதாக நாலு துளை போட்டார். மூன்றாவது துளை உள்ளே ஓடிய மின்கம்பியை அறுத்தது. கம்பியை ஒட்டுவதற்குள் மழை வந்தது. மழைக்கு விரித்த தார்ப்பாயைக் காற்று நாலு படகு தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டது. அடுத்த வாரம் இராசமலரின் பின்னல் நுனி, தண்ணீர் கசியாமலிருக்கப் பூசிய பசையில் ஒட்டிக்கொண்டது. ஓரங்குலம் வெட்டித்தான் அவரை வெளியே எடுக்க முடிந்தது. ஆனால் கொம்பு மட்டும் சூரியனைப் போல மின்னியது.

சென்னைக்காரர் ஏணியடியில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் பளபளன்னு இருந்தா மத்த மூணும் அசிங்கமாத் தெரியுதே, சார். எல்லாத்தையும் மாத்திடுங்களேன்."

குலசிங்கத்துக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மற்ற மூன்றையும் கழற்றினார். மூன்றின் அடியிலும் ரஸ்க்.

"அந்தாள் தன்ரை படகைப் பாக்காமல் ஏன் எங்கடையையே பாக்குது?" என்று இராசமலர் ஒருநாள் காரில் கேட்டார்.

"எங்கடை வேலை அவ்வளவு வடிவு," என்றார் குலசிங்கம்.

உண்மையில் அவர் மாறித்தான் போயிருந்தார். ஏழு சனிக்கிழமைகளில் கை காய்த்தது, தொப்பை வற்றியது, இராசமலர் ஒரு தட்டைக் கேட்டே போல்ட் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லப் பழகினார். கல்யாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் இருவரும் இவ்வளவு சிரித்ததில்லை. மார்ச் முதல் சனிக்கு ஒரு வாரம் இருக்க, கடைசிக் கொம்பின் கடைசி நட் இறுகியது. பாஸ்கரனுக்குப் படம் அனுப்பினார்கள். பாஸ்கரன் பதிலே போடவில்லை. அதைவிட இனிய பதில் இருக்க முடியாது.

அப்போது சென்னைக்காரர் முதல்முறையாக ஏணியில் ஏறி, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தளத்துக்கு வந்தார். நாலு கொம்புகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குலசிங்கத்தின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"என் படகைச் சரிபண்ண ஆள் அனுப்புங்கன்னு இந்த யார்டு ஆபீஸ்ல மூணு மாசமா கெஞ்சினேன், சார், இவ்வளவு நல்ல ஆளா அனுப்புவாங்கன்னு நினைக்கவே இல்ல, இதோ பக்கத்துல பாசி புடிச்சு நிக்குதே, அது யாரோ குலசிங்கம்னு ஒரு சோம்பேறியோடதாம், அவருக்கும் உங்களையே சிபாரிசு பண்ணியிருக்கேன்."