பூக்கிற வரைக்கும் உட்காருங்க சார்

ஏழே முக்கால் ஆகியும் மொட்டு அசையவில்லை.

வேங்கிக்காலில் புதிதாக எழும்பியிருந்த வீடுகளில் கடைசி வீட்டுக் கொல்லையில், ராஜமாணிக்கம் அந்த மொட்டுக்கு முன்னால் குந்தியிருந்தார். பின்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவருடைய மேலதிகாரி மூர்த்தி, மற்றொன்றில் மூர்த்தியின் மனைவி தனம்.

"இன்னும் எவ்ளோ நேரம் ஆகும் ராஜமாணிக்கம்?"

"இதோ சார். எந்த நிமிஷமும் விரிஞ்சிடும் சார்."

ஏழு மணியிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஓசூருக்கு மாற்றல் உத்தரவு தயாராக இருந்தது. மனைவி சந்திரகலா உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாற்றலை நிறுத்தச் சொல்லி ராஜமாணிக்கம் எழுதிய மனு மூர்த்தியின் மேஜையில் பத்து நாளாகக் கிடந்தது. அன்று காலை அதைப் பற்றிக் கேட்கத்தான் போனார். மூர்த்தி நிமிர்ந்து பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "சார், எங்க வீட்ல இன்னிக்கு ராத்திரி பிரம்ம கமலம் பூக்கப் போவுது" என்று சொல்லிவிட்டார்.

மூர்த்தி பேனாவை மூடினார். "ஏழு மணிக்கு நானும் வீட்ல அவங்களும் வர்றோம்."

அது எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை. குழாயில் தண்ணீர் இரவு ஒன்பது மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும். அதனால் ராஜமாணிக்கத்தின் தோட்டவேலை எல்லாமே இருட்டில்தான். விதை ஊன்றுவது, களை பிடுங்குவது, பாத்தி கட்டுவது, எல்லாவற்றுக்கும் ஒரு டார்ச் லைட். பகலில் பார்த்தால் தன் செடிகளை அவருக்கே அடையாளம் தெரியாது. ஆனால் இரவில், ஈர மண் வாசனை கிளம்ப, மேற்கே மலை கரேலென்று நிற்க, ஒவ்வொரு இலையும் மூச்சு விடுவது அவருக்குக் கேட்கும். அப்படி ஒருநாள் டார்ச் அடித்தபோதுதான், தட்டை இலையின் ஓரத்திலிருந்து கொக்குக் கழுத்தைப் போல வளைந்து தொங்கிய இந்த மொட்டைக் கண்டார்.

"இருட்டுல ஒண்ணுமே தெரியலீங்களே" என்றார் தனம்.

ராஜமாணிக்கம் பக்கத்து வீட்டுத் தையல்காரர் ரியாசுதீனிடம் ஓடிப்போய் பெட்ரோமாக்ஸ் வாங்கிவந்தார். புஸ்ஸென்று வெளிச்சம் பரவியது. அந்த வட்டாரத்துப் பூச்சிகளெல்லாம் புறப்பட்டு வந்தன. இரண்டு, சந்திரகலா மூர்த்திக்குக் கொடுத்திருந்த காப்பியில் விழுந்தன.

சுவருக்கு மேல் ரியாசுதீனின் தலை தெரிந்தது. "அய்யய்யோ சார்! வெளிச்சம் பட்டா அது விரியாது சார்!"

"முன்னாடியே சொல்லக் கூடாதா பாய்?"

"லைட்டு கேட்டீங்க, குடுத்தேன். பூவுக்குன்னு சொன்னீங்களா?"

விளக்கை அணைத்தார். வெளிச்சத்துக்குப் பழகிய கண்களுக்கு இப்போது எதிரே இருந்த ஆள்கூடத் தெரியவில்லை. கொசுக்கடி தாங்காமல் எழுந்த மூர்த்தி ஓர் அடி பின்னால் வைத்தார். அங்கே வாழைக்கு ஊற்றுவதற்காகச் சாணி கரைத்து வைத்த குழி இருந்தது.

"ராஜமாணிக்கம்!"

முழங்கால் வரை உள்ளே போயிருந்தது. ரியாசுதீன் சுவரேறிக் குதித்து ஒரு கையைப் பிடிக்க, ராஜமாணிக்கம் மறு கையைப் பிடித்து இழுத்தார். கால் வந்தது. செருப்பு வரவில்லை.

ராஜமாணிக்கம் குழாயைத் திருகினார். தண்ணீர் இல்லை. இன்னும் திருகினார். காற்றுதான் வந்தது. அப்படியே விட்டுவிட்டு, சமையலறைத் தவலையிலிருந்து மொண்டு வந்து, மேலதிகாரியின் காலைத் தன் கையாலேயே கழுவினார். கழுவி முடித்தபோது மணி ஒன்பது.

தண்ணீர் வந்தது. முழுசாகத் திறந்து கிடந்த குழாயில் மாட்டியிருந்த ரப்பர் டியூப், படமெடுத்து எழுந்து, மூர்த்தியைத் தலையிலிருந்து நனைத்துவிட்டு அடங்கியது.



கால் மணி நேரம் கழித்து மூர்த்தி, ராஜமாணிக்கத்தின் கட்டம் போட்ட லுங்கியில், தோளில் துண்டோடு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேண்ட் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"கிளம்பலாமா?" என்றார் தனம்.

"இந்தக் கோலத்துல ரோட்ல எப்படிப் போறது? பேண்ட் காயட்டும்" என்றவர் ராஜமாணிக்கத்தைப் பார்த்தார். "நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம்."

சந்திரகலா கணவரின் காதருகே குனிந்தாள். "ஓசூர்ல வெயில் கம்மியாம்ங்க."

அதற்குமேல் சரிசெய்ய அவருக்கு எதுவும் தோன்றவில்லை. விளக்கில்லாமல் ஐந்து பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தே காலுக்குத் தனம் மெல்ல, "ஏங்க..." என்றார்.

மொட்டு நடுங்கியது. காற்றே இல்லை, ஆனாலும் நடுங்கியது. நுனியில் ஒரு கீறல் விழுந்தது. வெளி இதழ் ஒன்று, யாரோ விரலால் விலக்கியதுபோல, கண்ணெதிரிலேயே பின்னால் வளைந்தது. பிறகு இன்னொன்று. உள்ளேயிருந்து வந்த வெள்ளை அந்த இருட்டுக்குப் புதிதாக இருந்தது. மேலே நட்சத்திரங்களின் மங்கலான ஒளி போதுமானதாகிவிட்டது. மணம் முதலில் லேசாக வந்தது. பிறகு கொல்லையை நிறைத்தது. மூச்சை இழுத்தவர்கள் விட மறந்தார்கள்.

ரியாசுதீன் தலைக்குல்லாவைச் சரிசெய்துகொண்டு முணுமுணுப்பாக ஏதோ ஓதினார். சந்திரகலா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூர்த்தி லுங்கியோடு எழுந்து, சேற்றில் வெறுங்காலோடு நின்று கைகூப்பினார். உள்ளங்கை அகலத்துக்குப் பூ விரிந்து நின்றபோது, மாற்றல் எல்லாம் எங்கோ வேறு யாருக்கோ நடக்கிற விஷயமாக ராஜமாணிக்கத்துக்குத் தோன்றியது.

வெகுநேரம் கழித்து மூர்த்தி அவர் பக்கம் திரும்பினார். "நீங்க எங்கயும் போக வேணாம் ராஜமாணிக்கம். நாளைக்குக் காலைல கையெழுத்துப் போட்டுடுறேன்."

தனம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆறு வருஷமா நானும் இதே செடிய வச்சிருக்கேன் டீச்சர். மஞ்சத் தண்ணி ஊத்தினேன், வேண்டிக்கிட்டேன். ஒரு பூ, ஒரே ஒரு பூ காட்டலயே எனக்கு. குடுத்து வச்ச கை உங்களுது."

அப்போது வெளிக்கதவு கிறீச்சிட்டது. மூர்த்தி வீட்டு இரவுக் காவல்காரன் சடையன், எஜமானர்கள் இன்னும் திரும்பவில்லையே என்று தேடிக்கொண்டு சைக்கிளில் வந்திருந்தான். லுங்கியில் நின்ற மூர்த்தியைப் பார்த்துத் திகைத்தான். பிறகு பூவைப் பார்த்தான். அதற்கு அவன் திகைக்கவில்லை.

"வா சடையா, வந்து பாரு" என்று தனம் தழுதழுத்தார். "ஜென்மத்துல ஒருதரம் கெடைக்கிற தரிசனம்."

சடையன் தலையைச் சொறிந்தான்.

"நம்ம வீட்லயும் வருசா வருசம் இதே மாதிரி கொத்தாப் பூக்குதும்மா. நீங்க எட்டரைக்கே படுத்துடுறீங்க. காலைல வாடித் தொங்கினா அசிங்கமா இருக்கும்னு, நீங்க எழுந்துக்கறதுக்குள்ள நான்தான் எல்லாத்தையும் கிள்ளிக் குப்பையில போட்டுடுறேன்."