பெங்களூர் கட்லெட்டும் பிரகாசத்தின் கடைவாய்ப் பல்லும்

சேசு மரி சூசை துணை

லஷ்கர் மொகல்லா, மைசூர்
1953 நவம்பர், செவ்வாய்க்கிழமை

பெங்களூரில் கிளப் சமையலறையை ஆளும் என் மைத்துனன் எட்வர்டுக்கு, உன் அக்காள் டோரதியின் கணவன் ஸ்டானிஸ்லாஸ் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நானும் உன் அக்காளும் உன் மருமகள் ஜூடித்தும் உடம்பளவில் சுகம். மனதைப் பற்றிக் கேட்காதே. அங்கே நீயும் பெண்டாட்டி பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். இல்லாவிட்டால், இதற்கு மேல் படிக்குமுன் எங்காவது உட்கார்ந்துகொள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமராஜநகர் பிரகாசம் குடும்பத்தார் ஜூடித்தைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று உனக்கு எழுதினேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு இடம், 'ஆஸ்பத்திரி நர்ஸ், கண்டவனையும் தொடுகிற கை' என்று சொல்லிப் போய்விட்டது. இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று நானும் உன் அக்காளும் பிலோமினம்மாள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கிறோம். உன்னிடம் நான் கேட்டது ஒரு ஜெபம். நீ அனுப்பியது ஒரு தகரப் பெட்டி. அதில் மரத்தூள், மரத்தூளுக்குள் ஐஸ், ஐஸுக்குள் ரஸ்க் தூள் பூசிய கோழி கட்லெட். ஸ்டேஷனிலிருந்து வீடு வரை அது ஒழுகிக்கொண்டே வந்தது. ஜட்காக்கார ஜடையன் திரும்பித் திரும்பிப் பார்த்து, "சாமி, பெட்டி அளுத்தா இதே" என்றான். பெட்டி அழுகிறதாம். பின்னால் நாய்கள் ஊர்வலமாக வந்தன. வெள்ளைக்காரன் கப்பலேறி ஆறு வருஷமாகியும் அவன் தின்ற தீனியை நீ விடவில்லை, அதை என் தலையிலும் கட்டினாய்.

அதோடு டைப் அடித்த காகிதம் வேறு. ஜூடித் வாசித்துச் சொன்னாள். ஐஸ் கரைய விடக்கூடாதாம், கட்டியாக இருக்கும்போதே எண்ணெயில் போட வேண்டுமாம், தணலைக் குறைத்து நிதானமாக வேகவிட வேண்டுமாம். பாக்கிக் காகிதம் முழுக்கச் சத்து. ஒரு கட்லெட் இரண்டு முட்டைக்குச் சமம், தசைக்கு நல்லது, ரத்தத்துக்கு நல்லது. எல்லாம் எழுதத் தெரிந்த உனக்கு, 'அக்கா, இதைக் கழுவாதே' என்று ஒரு வரி எழுத முடியவில்லையா? உன்கூடப் பிறந்தவளை உனக்குத் தெரியாதா? நான் பூசையிலிருந்து வந்து பார்க்கிறேன், உன் அக்காள் குழாயடியில் உட்கார்ந்து மஞ்சளும் உப்பும் போட்டு கட்லெட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். "தம்பி ஆயிரம் எழுதுவான். கழுவாத கறி எங்க வீட்டு அடுப்புல ஏறினதே இல்ல" என்கிறாள். ரஸ்க் தூள் முழுவதும் சாக்கடைக்குப் போய்விட்டது. பாதிப் பெட்டி அப்படிப் பாழ். மீதியை நான் பிடுங்கிக்கொண்டேன். கழுவினதை அவள் உதிர்த்து, மிளகும் வெங்காயமும் போட்டு ஒரு வறுவலாக்கி மூடி வைத்தாள்.

அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். பிரகாசம் கன்னத்தைச் சுற்றி மப்ளர் கட்டியிருந்தார், குளிருக்கு என்று நினைத்தேன். அவர் சம்சாரம் உட்கார்ந்ததுமே, "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு ஆஸ்பத்திரி வேலைய விட்டுருவாளா?" என்று கேட்டார். ஜூடித் பதில் சொல்வதற்குள் பலகாரத்தைக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடலாம் என்று நானே அடுப்படிக்கு ஓடினேன். வாசலில் சம்பந்தம் காத்திருக்கும்போது தணலைக் குறைத்துக்கொண்டு எவன் நிற்பான்? நன்றாக விசிறிவிட்டேன். நிறம் வந்தது பார், பொன் மாதிரி வந்தது.

தட்டைப் பிரகாசத்திடம் நீட்டிவிட்டு, பெருமைக்காக உன் காகிதத்தையும் எடுத்து வாசித்தேன். "இது எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தரும்" என்ற இடத்துக்கு நான் வந்தபோது அவர் கடித்தார். உள்ளே ஐஸ், எட்வர்ட். கருங்கல் மாதிரி ஐஸ். கடக்கென்று ஒரு சத்தம். மனிதர் கண்ணில் தண்ணீர், வாயில் ரத்தம், கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டு தொங்குகிறது. அவர் சம்சாரம் மாதாவைக் கூப்பிடுகிறார், உன் அக்காள் என்னைப் பார்க்கிறாள், நான் கையில் காகிதத்தோடு நிற்கிறேன். ஜூடித்தான் போய், "வாயத் திறங்க மாமா, ஒண்ணும் ஆகாது" என்று ஒரு திருப்புத் திருப்பிப் பல்லை எடுத்து, கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்து வைத்தாள். இந்த அமளியில் மாப்பிள்ளைப் பையன் பாலன் உன் அக்காளின் வறுவலை இரண்டாம் தடவை வாங்கித் தின்றான். அதை மட்டும் பார்த்தேன். பிறகு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். போய் வருகிறேன் என்று பிரகாசம் சொல்லவில்லை. வாயில் பஞ்சு.

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா வாய்க்குள் கைவிட்ட பெண்ணை எவன் கட்டுவான்? ஜூடித் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, "விடுங்கப்பா, எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டாள். அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அழவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். உன் அக்காள் என்னோடு பேசுவதில்லை. நான் இனி உன்னோடு பேசுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு இங்கே வராதே. உன் தகரப் பெட்டியில் வீட்டுச் சொந்தக்காரர் தன் கோழியை அடைகாக்க வைத்திருக்கிறார், அதையும் கேட்காதே. குழந்தைகள் ஒரு பாவமும் அறியாதவர்கள், அவர்கள் நெற்றியில் என் பேரில் ஒரு சிலுவை போட்டுவிடு. உனக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன் என்பதைத் தவிர வேறு எந்த உறவும் இல்லாத
ஸ்டானிஸ்லாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழச் சீப்போடு பாலன் வந்து நிற்கிறான். "அப்பா ரெண்டு வருஷமா அந்தப் பல்லால தூங்கல மாமா. டாக்டர்னா பயம், யாரையும் தொட விடல. ஞாயித்துக்கிழம ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தக் கை நம்ம வீட்டுக்கு வரட்டும், வேலைய விட வேணாம்னு சொல்லச் சொன்னார்" என்கிறான். தை மாதம் நிச்சயதார்த்தம். ஜூடித் உள்ளே போய் அழுகிறாள், இப்போதுதான். பாலனுக்கு அந்த வறுவல் வேண்டுமாம், அவன் அம்மாவுக்கும் வேண்டுமாம். ஆகவே கிறிஸ்துமஸுக்கே புறப்பட்டு வா, நிச்சயத்துக்குப் பெரிய பெட்டியாகக் கொண்டு வருவதைப் பற்றிப் பேசலாம். உன் அக்காள் கழுவுவாள். நீ வாயைத் திறக்கக்கூடாது.