தெனாவட்டு மாஸ்டரிடம் மாப்பிள்ளை விசாரித்த கதை

திருப்பூரில் எங்கள் கட்டிங் மாஸ்டரைவிடத் தெனாவட்டான மனுஷன் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வேறு யாரையாவது காட்டி ‘இவர்தான்’ என்று நீங்கள் சொன்னால், மாஸ்டரைப் பார்க்காமல் பேசுகிறீர்கள் என்று அர்த்தம்.

திமிர் வேறு, கொழுப்பு வேறு, தெனாவட்டு வேறு. திமிருக்குப் பின்னால் பணமோ பதவியோ நிற்க வேண்டும். கொழுப்பு வயசுப் பையன்களுக்கு வருவது. கல்யாணமானால் தானாகக் கரைந்துவிடும். தெனாவட்டுக்கு ஒரு ஆதாரமும் தேவையில்லை. மாஸ்டரிடம் இருந்ததெல்லாம் காதில் ஒரு சாக்பீஸும் காலில் அறுந்த செருப்பும்தான்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள். அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் பேக்கிங் சூப்பர்வைசர். மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாங்களோ நாயை விரட்டினாலும் ‘போங்க’ என்று விரட்டுகிற ஜனங்கள். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ‘தெனாவட்டு மாஸ்டர்’ என்று நேராகவே கூப்பிடுவோம். “என்னல?” என்று பெருமையாகத் திரும்புவார்.

ஒருநாள் முதலாளி கட்டிங் டேபிள் பக்கத்தில் வந்து நின்றார். “ஏனுங்க மாஸ்டர், இன்னைக்குள்ள வெட்டி முடிச்சா நல்லா இருக்குமுங்க.”

மாஸ்டர் தலையைத் தூக்கவே இல்லை. “நல்லாத்தான் இருக்கும். மொதல்ல வெளிச்சத்த மறைக்காம நகரும்வே.”

முதலாளி நகர்ந்தார்! சொந்தக் கம்பெனியில், சொந்த டியூப்லைட்டுக்கு வழிவிட்டு நகர்ந்தார். அதன்பிறகு ‘தெனாவட்டு’ என்ற சொல்லை அவர் பல்லைக் கடிக்காமல் சொல்லி நான் கேட்டதில்லை. டெய்லர்களோ அதையே விசில் அடிக்காத குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

இன்னொரு நாள் எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் வந்தார். தென்னைமர உயரம். முதலாளி முதல் ஹெல்பர் வரை கும்பிட்டபடி வரிசையாக நிற்கிறோம். மாஸ்டர் மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் சிரித்தபடி கை நீட்டினார். மாஸ்டர் குடித்து முடித்த டம்ளரை அந்தக் கையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பாவம் அந்த மனுஷன், அது ஏதோ நம்மூர் மரியாதை என்று நினைத்து, கம்பெனி முழுக்க டம்ளரோடு சுற்றிப் பார்த்தார். வாங்கி வைக்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

இப்பேர்ப்பட்ட ஆளிடம் என் கல்யாணம் மாட்டிக்கொண்டது.

எனக்கு வந்த வரன்களெல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்த நேரம். கடைசியாக மூலனூரில் ஒரு பெண்ணைப் பார்த்தோம். காபி டம்ளரை வாங்கும்போது என் கை நடுங்கியதைப் பார்த்துச் சிரித்தாள். கட்டினால் இவளைத்தான் என்று எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. இனி அவள் அப்பா விசாரித்துச் சரி என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வேலை செய்கிற இடத்துக்குச் சொல்லாமல் வந்து, அக்கம்பக்கத்தில் கேட்ட பிறகுதான் பெண் கொடுப்பார்கள்.

ஒரு மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், எதிர் டீக்கடை பெஞ்சில் பெண்ணின் அப்பா. பக்கத்தில் மாஸ்டர்! ஓடிப்போய் கடையில் தொங்கிய வாழைத்தார் மறைவில் நின்றேன்.

“ஏனுங்க, இந்தக் கம்பெனில பேக்கிங் பாக்குற தம்பி எப்படீங்க?”

“எதுக்கு கேக்கீரு?”

“சும்மாதானுங்க.”

“சும்மா கேக்குற மூஞ்சியாவே இது? பொண்ணு குடுக்கப் போறீரு.”

பெண்ணின் அப்பா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். மாஸ்டர் தொடர்ந்தார்.

“அவன் சரியான பயந்தாங்கொள்ளி வே. மொதலாளி இருமுனா இவனுக்குக் காய்ச்சல் வந்துரும். சீட்டாடக் கூப்பிட்டா அம்மா ஏசுவாம்பான். பிராந்திக் கடைக்குக் கூட்டிட்டுப் போனா சோடாவ மட்டும் குடிச்சிட்டுத் தல சுத்துதும்பான். பொம்பளப் புள்ள எதிர்ல வந்தா செவத்தப் பாத்து நடப்பான். இவன்லாம் ஒரு ஆளுன்னு விசாரிக்க வந்துட்டீரு!”

பெண்ணின் அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போச்சு, எல்லாம் போச்சு! எங்கிருந்து எனக்கு அந்தக் குரல் வந்ததோ தெரியாது.

“யோவ் மாஸ்டர்! என் வாழ்க்கையக் கெடுத்துட்டியேய்யா!”

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பரவால்லல, ஒனக்கும் கொஞ்சம் தெனாவட்டு வருது. பொழச்சிக்கிடுவ.”

சாயங்காலம் செல்போன் அடித்தது. பெண்ணின் அப்பா.

“மாப்ள, முடிச்சுக்கலாமுங்க. கேட்ட பக்கமெல்லாம் தங்கமான பையன்னே சொன்னாங்க. யாரக் கேட்டாலும் அப்படித்தான சொல்லுவாங்கன்னு பயந்து கெடந்தேன். அந்தத் தெனாவட்டுப் புடிச்ச மனுசனுக்கே உங்களத் திட்டறதுக்கு ஒரு கெட்டதும் கெடைக்கலீங்களே!”

மூலனூரில் கல்யாணம். மாஸ்டர் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். குறுக்கே நின்ற என் மாமனாரை “வெளிச்சத்த மறைக்காம நகரும்வே” என்று விரட்டினார். மாமனார் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

சாப்பிட்டுவிட்டு மேடைக்கு வந்தவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக என் மனைவி முன்னால் போய் நின்றார்.

“நல்ல பய தாயி. பாத்துக்கிடுங்க.”

முதலாளிக்கும் வெள்ளைக்காரருக்கும் கும்பிடு போடாத அந்த மனுஷன், இரண்டு கையையும் கூப்பியிருந்தார்.