ஒல்லியும் தடியனும் ஆறு பக்கெட்டும்

ராயப்பேட்டை,
மார்கழி பத்து.

மரியாதைக்குரிய மச்சான் பஞ்சாட்சரத்துக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரன் கன்னியப்பன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் பச்சையம்மாவும் சுகம், கரும்பு ஜூஸ் வண்டியும் சுகம். அங்கே தங்கச்சி, பிள்ளைகள், மாடு, மோட்டார் எல்லாம் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதது நீங்கள் அறிந்ததே. நான் சொல்லச் சொல்ல, பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டு வரும் ஆரோக்கியமேரி கூடையை வாசலில் இறக்கிவிட்டு எழுதுகிறாள். காகிதத்தில் வஞ்சிர வாசனை அடித்தால் கோபப்பட வேண்டாம்.

போன வருஷம் வைகாசியில் பேத்தி டயானாவுக்குக் காது குத்தின அன்று, பந்தியில் நீங்கள் மூன்றாவது இலை, நீலக் கட்டம் போட்ட சட்டை, இரண்டாவது பொத்தான் கிடையாது, பாயசம் இன்னும் வரவில்லை, அப்போதுதான் நான் அந்த வார்த்தையை விட்டேன். தடியன் கரும்பு என்று சொல்லி ஒல்லியை அனுப்பி ஏமாற்றிவிட்டீர்கள் என்றேன். (கரும்பு ரகத்துக்கெல்லாம் அரசாங்கம் நம்பர் வைத்திருக்கிறதாம், எனக்குத் தடியன், ஒல்லி, அவ்வளவுதான்.) சித்திரையில் வந்த அந்த லோடு சுண்டுவிரல் பருமன், பிழிந்தால் கரிப்பு, ஆஸ்பத்திரி எதிரில் ஜூஸ் குடித்தவர் என் முன்னாலேயே துப்பினார். நீங்கள் எழுந்து, “மாமா, அது தடியனேதான், கடலோரத்துல புதுசா குத்தகைக்கு எடுத்த நெலத்துல வெளைஞ்சது, உப்புத் தண்ணி குடிச்சா அது அப்படித்தான் ஆவும்” என்றீர்கள். கரும்பு என்ன ஊருக்கு ஊர் மூஞ்சியை மாற்றிக்கொள்ளுமா என்று கேட்டேன். இலையை மூடிவிட்டுப் போனீர்கள். அடுத்த பொங்கலுக்கு அக்காவுக்கு வரவேண்டிய சீருக்குப் பதிலாக பஸ்ஸில் ஒரு சாக்குப் பை வந்தது. உள்ளே நடுவதற்கு வெட்டின கரும்புக் கரணை ஆறு, மூன்றில் சிவப்புக் கயிறு, மூன்றில் பச்சைக் கயிறு. சிவப்பு தடியன், பச்சை ஒல்லி, மாமாவை நட்டுப் பார்க்கச் சொல் என்று அக்காவிடம் போனில் ஒரே பேச்சு. அவ்வளவுதான் சீர்.

நட்டேன் மச்சான், வீம்புக்குத்தான் நட்டேன். பெயின்ட் பக்கெட் ஆறு வாங்கி, சிவப்பு ஒன்று பச்சை ஒன்றாக ஜோடி சேர்த்து, ஒரு ஜோடி எங்கள் மொட்டை மாடியில், ஒரு ஜோடி கிண்டியில் என் மிஷினுக்கு ரோலர் கடைந்து தரும் நந்தகுமார் பட்டறைக்குப் பின்னால், ஒரு ஜோடி மேரி வீட்டு வாசலில், கடலுக்குக் கல்லெறியும் தூரம். பத்து மாதம் பஸ் பஸ்ஸாக ஏறிப் போய்ப் பார்த்தேன். மாடியில் தடியன் என் மணிக்கட்டுக்கு மேல் பருத்துவிட்டான், ஒல்லி பக்கத்தில் ஊதுவத்தி மாதிரி நின்றான். ஐப்பசி கடைசியில் மோட்டார் ரிப்பேராகி ஒரு மாதம் தண்ணீர் இல்லை, மழையும் ஏமாற்றியது, தடியன் செத்தான் என்று நினைத்தேன். ஒடித்துக் கடித்தால் நாக்கு ஒட்டுகிறது, அப்படி ஓர் இனிப்பு, பட்டினி போட்டால் இனிக்கிற ஜீவனை நான் கண்டதில்லை. கிண்டியில் மர நிழல், ஓயாத குழாய்க் கசிவு, இரண்டும் கூரையைத் தாண்டிவிட்டன, பிழிந்தால் வெறும் தண்ணீர். பட்டினப்பாக்கத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை போனேன். சிவப்புக் கயிறு கட்டின தடியன் சுண்டுவிரல் பருமன். கடித்தேன், கரித்தது. அதே கரிப்பு மச்சான், அந்தச் சித்திரை லோடு அப்படியே என் வாய்க்குள் வந்துவிட்டது. பக்கத்தில் பச்சைக் கயிற்று ஒல்லி ஒன்றுமே நடக்காதது போலக் கொழுகொழுவென்று நிற்கிறான்.

அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தோரு வருஷமாகக் கரும்பை மிஷினுக்குள் தள்ளுகிறேன், அது எந்தத் தண்ணீரைக் குடித்தது, எந்தக் காற்றைத் தின்றது என்று ஒரு நாள் கேட்டதில்லை. மாடியில் ராஜாவாக இருந்தவன் கடலோரத்தில் பிச்சைக்காரன், மாடியில் பிச்சைக்காரன் கடலோரத்தில் ராஜா. எந்தக் கரும்பு உசத்தி என்ற கேள்வியே தப்பு, எங்கே என்று கேட்க வேண்டும். மேரி மோர் கொடுத்து, “இன்னா மாமா, வெயில் தலைக்கு ஏறிக்கிச்சா” என்றாள்.

ஆகையால், நீங்கள் சொன்னது சத்தியம், நான் சொன்னது பழி. மன்னிக்க வேண்டும். போன பொங்கலன்று பச்சையம்மா வாசலைப் பெருக்கிவிட்டுத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூஸ்காரன் வீட்டு வாசலில் சாத்த ஒரு கரும்பு இல்லை. நான் வாங்கி வந்ததை அவள் தொடவில்லை. இந்தப் பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு அவசியம் வரவும்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. உங்கள் இரண்டு நிலமும் நல்ல தண்ணீர் குடித்து, பிள்ளைகள் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
கன்னியப்பன் (கைநாட்டு)

பி.கு.: மேரி முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினாள். படித்து முடித்துப் பேனாவைக் கடித்துக்கொண்டு, “மாமா, ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது. ஐப்பசிப் புயல்ல கயிறு ரெண்டும் அறுந்து பூட்ச்சு. நான்தான் குத்துமதிப்பா எடுத்துக் கட்டுனேன்” என்கிறாள். அப்படியானால் கரித்தவன் ஒல்லியாகவும் இருக்கலாம், அன்றைக்குப் பந்தியில் நான் சொன்னதே சரியாகவும் இருக்கலாம். எனவே மேலே கேட்ட மன்னிப்பை, நீங்கள் நேரில் வந்து கணுவைப் பார்த்து எவன் எவன் என்று சொல்லும் வரை நிறுத்தி வைக்கவும் என்று எழுதச் சொன்னேன். பச்சையம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கும் எழுத்து தெரியாது. கீழே நெட்டுக்குத்தாக இருக்கும் இரண்டு கோடு அவள் போட்டது. கரும்பாம்.

| |