பதினோராவது சீர்த்தட்டு

நாகமலைத் தோட்டம்,
மேல் டிவிசன், பதுளை.
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்புக்கும் கேலிக்கும் உரிய மச்சான் தயாபரனுக்கு, உன் அக்கா புருசன் கணபதி எழுதிக்கொள்வது. இங்கு நானும், உன் அக்கா விஜயலெட்சுமியும், உன் மருமகள் சிவசக்தியும், மாடும் கன்றும் சுகம். அதுபோல் கட்டாரில் நீயும், நீ ரிப்பேர் பார்க்கும் ஏசி மெசின்களும் சுகமாய் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது. முந்தின வெள்ளிக்கிழமை பாப்பா காதுகுத்து அன்றைக்கு, தாய்மாமன் நீ அனுப்பின சீரை மாமன் வீட்டு ஆள் மாதிரி நானே தூக்கிக்கிட்டு, கோயில்ல இருந்து தப்பு மேளத்தோட ஊர்வலமா வந்து, என் வீட்டு வாசல்ல கொண்டாந்து நின்னேன். வாங்கிக்கிறதுக்கு அங்க ஆள் இல்ல. வாங்கவேண்டிய ஆளும் நான்தானே.

போன்ல சொல்லாம ஏன் கடுதாசி எழுதுறேன்னு கேப்ப. நம்ம போனு ஒம்பது நாளா லயத்துக்குப் பின்னாடி துணி காயப்போடுற கம்பத்து உச்சியில கட்டிக் கெடக்கு மச்சான். நீ பாப்பாவுக்கு அனுப்புன கேமு அது வழியாத்தான் ஆகாசத்துல இருந்து எறங்கிக்கிட்டு இருக்கு. அந்தக் கம்பத்து உச்சியிலதான் சிக்னல் அறுபடாம வருதுன்னு கண்டுபிடிச்சவளும் பாப்பாதான், கால் வந்தா எறங்குறது நின்னுடும்னு மணிச் சத்தத்தையும் அமத்திட்டா, சார்ஜுக்கு சன்னல் வழியா வயரும் இழுத்து விட்டுட்டா, யாரும் தொடக்கூடாதுன்னு உத்தரவு வேற. மழைக்கு சொப்பிங் பேக்ல சுத்தி மஞ்சக் கயித்தால கட்டியிருக்கறதப் பார்த்துட்டு, காலையில வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போற பொம்பளைங்க ஏதோ நேர்த்திக்கடன்னு கும்பிட்டுட்டுப் போறாங்க. நேத்து யாரோ குங்குமம் வேற வச்சிருக்காங்க. தம்பையா போன்ல பேசலாம்தான், ஆனா ஒன் சின்னம்மா மகன் கொணம் ஒனக்கே தெரியும், குடுத்துட்டு நகராம பக்கத்துலயே நின்னு கேப்பான். இது அவன் கேக்கக்கூடாத விசயம். அதனால புதன்கிழமை வேலைக்கு அங்க பிளேன் ஏறுற நம்ம ஊர் றஹீம் கையில குடுத்து விடலாம்னு, அஞ்சாம் வகுப்போட மூடி வச்ச பேனாவைத் தெறந்துட்டேன். பிழை இருந்தா சிரிச்சுக்க.

இப்ப முதல்ல இருந்து சொல்றேன். பாப்பாவுக்கு ஒம்பது வயசாகியும் காது மூளியாத்தான் இருக்கு, ஏன்னா தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும், தாய்மாமன் மடியோ ஆறு வருசமா கட்டார்ல இருக்கு. ரெண்டு தடவை நாள் குறிச்சோம், ரெண்டு தடவையும் ஒனக்கு லீவு இல்ல. மூணாவது தடவையும் லீவு இல்லன்ன. ஒன் அக்கா ஒண்ணும் சொல்லல, சொல்லாம இருந்தாத்தான் எனக்குப் பயம். அப்ப நீ வீடியோ கால்ல வர்றேன்ன, சீருக்கு வேண்டியத தம்பையாவ வச்சு வாங்குறேன்ன, பாப்பாக்கிட்ட என்ன வேணும்னு கேட்ட. அவ மலை ரோட்டுல பஸ் ஓட்ற கேமு கேட்டா. சரின்ன. அன்னையில இருந்து லயம் முழுக்க அவளே தமுக்கு அடிச்சுட்டா, மாமா சீர்ல பதினோராவது தட்டு எனக்கு கேமுன்னு. பத்துத் தட்டு தம்பையா தயார் பண்ணிட்டான், சேலை, வேட்டி, தோடு, பலகாரம், பழம்னு. பதினோராவது தட்டுக்கு நான் தபால்காரரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். வந்துச்சு மச்சான். போன்ல. பொருளில்லாத பன்னெண்டு இங்கிலீசு எழுத்து.

மொதல்ல நீ தவறி கைபட்டு ஏதோ அமுக்கிட்டன்னு நெனச்சு, "கைய எடு மச்சான்"னு பதில் அனுப்பினேன். பாப்பாதான் சொன்னா, "அப்பா, இதுதான் கேமு."

"எங்க?"

"இதுக்குள்ள."

"இதுக்குள்ள எழுத்துல்ல இருக்கு."

"இதை அடிச்சா வரும்."

"எங்க இருந்து?"

அவளுக்கும் தெரியல. நீ முன்னாடி பாப்பாவுக்கு அனுப்பி வச்ச கேம் மெசினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், சீடி போட ஒரு வாயும் இல்ல. வாயில்லாத மெசினு, ஒடம்பில்லாத கேமு, ஆளில்லாத மாமன். எங்க இருந்துடா மச்சான் இப்பிடித் தேடிப் பிடிக்கிற.

சரி, தட்டுல என்னத்த வைக்கிறது. அந்தப் பன்னெண்டு எழுத்தையும் பேப்பர்ல எழுதி நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி தட்டுல வச்சுப் பார்த்தோம், தாயத்துக்குள்ள வைக்கிற தகடு மாதிரி இருந்துச்சு, ஒன் அக்காவே பயந்துட்டா. போனையே வைக்கலாம்னா அதுல நீ வரணும். பத்துத் தட்டோட நிறுத்தினா ரெட்டைப்படை, மங்கள காரியத்துக்கு ஆகாது, பூனாகலையில இருந்து எங்க இராசமணி அக்கா வேற வருது, அது சாப்பிட உக்காரும் முன்னாடி தட்டை எண்ணுற ஆளு. ஒண்ணைக் குறைச்சு ஒம்பதாக்கலாமேன்னு வாயை விட்டுட்டேன். "என் தம்பி சீரைக் குறைக்கிறீங்களா"ன்னு ஒன் அக்கா கேட்டா. சத்தமா இல்ல. அதுக்கப்புறம் நான் நேரா பண்டாரவளைக்கு பஸ் ஏறிட்டேன்.

அங்க ஜுனைதீன்னு ஒருத்தர் பழைய கேம் சீடி கடை வச்சிருக்காரு. போயி, "கேமோட டப்பா ஒண்ணு வேணும்"னேன்.

"என்ன கேமு?"

"கேமு வேணாம். கேமு வீட்டுல இருக்கு. டப்பாதான் இல்ல."

மனுசன் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுப் போட்டுக்கிட்டாரு. "டப்பா ஒடஞ்சி போச்சு, கேமு மட்டும் குடுங்கன்னு வருவாங்க. டப்பாவுக்குன்னு வந்த மொதல் ஆளு நீங்கதான் அண்ணே."

விசயத்தைச் சொன்னேன். அவரு ரொம்பப் பொறுமையா வெளக்கினாரு, சீடியா வாங்கினா அது நம்ம பொருளு, விக்கலாம், பக்கத்து வீட்டுக்கு இரவல் குடுக்கலாம், அலமாரியில வச்சு அழகு பார்க்கலாம். இந்த டவுன்லோடு அப்பிடி இல்லையாம், வெளையாடிக்கன்னு ஒரு அனுமதிதானாம், விக்க முடியாது, இரவல் குடுக்க முடியாது, கம்பனிக்காரன் நெனச்சா ஒருநாள் இல்லன்னும் சொல்லிடலாமாம். எனக்குத் தலை சுத்துச்சு. "அப்ப காசு குடுத்தது எதுக்கு"ன்னேன். "உள்ள இருக்கிறதுக்கு"ன்னாரு.

"உள்ள எத்தன காலம் வேணாலும் இருக்கலாம்?"

"இருக்கலாம்."

"ஆனா நம்மளது இல்ல."

"இல்ல."

"கையில உறுதி இல்ல. போன்னா போகணும்."

"ஆமாண்ணே."

"தோட்டத்துக் கம்பனி குடுத்த லயத்து வீடு மாதிரின்னு மொதல்லயே சொல்லியிருந்தா ஒங்க தொண்டை வறண்டிருக்காதே"ன்னேன். எங்க தாத்தா காலத்துல இருந்து நாங்க டவுன்லோடுலதான் இருக்கோம் மச்சான், இத்தன நாளா பேரு தெரியல, அவ்வளவுதான். ஜுனைதீன் உள்ள போயி கீறல் விழுந்த ஒரு சீடியை டப்பாவோட எடுத்துட்டு வந்து, "வச்சிக்கங்க, சும்மா"ன்னு குடுத்தாரு. பஸ் படம் போட்டது இல்லையாம். இதுல ஜட்டி போட்ட ஒரு மல்யுத்தக்காரன் ஒத்தக் காலைத் தூக்கிக்கிட்டு நம்மளையே மொறைக்கிறான்.

காதுகுத்து அன்னைக்கு கோயில்ல பதினோரு தட்டையும் வரிசையா வச்சோம். பூசாரி எல்லாத்துக்கும் திருநீறு போட்டுட்டு வந்தவரு இவன்கிட்ட வந்ததும் நின்னுட்டாரு. "இது எந்த ஊரு காவல் தெய்வம்?" "கட்டார்"னேன். இன்னும் கொஞ்சம் திருநீறு சேர்த்துப் போட்டாரு. ஒன் பக்கத்து ஆளுங்கன்னு தம்பையா குடும்பமும், இரவல் வாங்கின அடுத்த லயத்துக்காரங்களும் சேர்ந்து பத்துப் பேருதான் தேறினாங்க, பதினோராவது தட்டுக்குக் கை இல்ல. வேற வழி. தலைப்பாகையை எறக்கிக் கட்டிக்கிட்டு நான் தூக்கினேன். வாசல்ல ஒன் அக்கா ஆலாத்தியோட நின்னு எல்லாருக்கும் "வாங்க, வாங்க"ன்னு சந்தனம் வச்சா. என் மொறை வந்ததும், "வாங்க"ன்னா, யாரோ ஊர் பேர் தெரியாதவனைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டே. அந்தச் சந்தனப் பொட்டை அழுத்தின அழுத்து இன்னும் நெத்தியில இருக்கு. இராசமணி அக்கா தட்டை எண்ணுச்சு, பதினொண்ணு சரியா இருந்துச்சு, டப்பாவைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, "இவரு யாரு தம்பி, தயாபரனோட மொதலாளியா"ன்னு கேட்டுச்சு. ஆமான்னுட்டேன். "பாவம், அங்க அவ்வளவு வெக்கையா"ன்னு வச்சிருச்சு.

அப்புறம் நடந்தது ஒனக்குப் பாதி தெரியும், மீதி தெரியாது, ஏன்னா பாதியில நீ நின்னுட்ட. மடி தம்பையாவோடது, மொகம் போன்ல ஒன்னோடது. பாப்பா தம்பையா மடியில உக்காந்து ஒன்னையப் பார்த்துக்கிட்டு இருந்தா. ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தாரு. நீ, "பயப்படாதம்மா, மாமா இருக்கேன்ல"ன்ன. அந்த "இருக்கேன்ல"லயே நின்னுட்ட, வாய் தெறந்தது தெறந்தபடி, கொட்டாவி விட்ட நேரத்துல போட்டோ எடுத்த மாதிரி. ஆசாரி காத்திருந்தாரு. தப்பு அடிக்கிறவன் குச்சியைத் தூக்கினபடியே நின்னான். பாப்பா போனைத் தட்டிப் பார்த்தா, குலுக்கிப் பார்த்தா, அப்புறம் மடியை விட்டு எறங்கிட்டா. "மாமா முழுசா வரட்டும், அப்புறம் குத்தலாம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. கெஞ்சிப் பார்த்தோம், இராசமணி அக்கா அதட்டிப் பார்த்துச்சு, அசையல. வந்தவங்க நல்லா சாப்பிட்டாங்க, அதுல கொறையே இல்ல. ஒன் அக்கா மட்டும் பின்கட்டுல உக்காந்து கண்ணைத் தொடைச்சுக்கிட்டு இருந்தா. என்னன்னேன். வெங்காயம் உரிச்சேன்னா. சமையல் முடிஞ்சு பாத்திரம் எல்லாம் கழுவிக் கவுத்தாச்சு மச்சான், அங்க வெங்காயமே இல்ல.

இதுதான் தம்பையா கேக்கக்கூடாதுன்னு நான் சொன்ன விசயம். நான் எதையும் கேலி பண்ணிட்டுப் போற ஆளுன்னு ஒனக்குத் தெரியும், இதை என்னால முடியல. நீ சீரு அனுப்பாட்டி அஞ்சு தட்டுல வாழப்பழத்தை வச்சு நானே சுத்திட்டு வந்துருவேன், பழகிப் போச்சு. தாய்மாமன் மடி எனக்கு எங்கயும் கெடைக்காது. பத்து நாள் லீவு வாங்கு. குடுக்கலன்னா, அக்கா புருசன் சாகக் கெடக்கான்னு சொல்லு, நான் தாராளமா படுத்துக்கிறேன், வேணும்னா போட்டோ எடுத்து அனுப்புறேன். எந்தப் பொருளும் வாங்கிட்டு வராத. நீ வந்தாப் போதும்.

வேறு விசேசம் இல்லை. பாப்பா, பெரியவள் ஆனால் ஏசி மெசின் இல்லாத ஊரில்தான் மாமாவுக்கு வேலை தேடிக் கொடுப்பாளாம், சொல்லச் சொன்னாள். வெயில் உன் தலையைத் தொடாமலும், மொதலாளி கண் உன் மேல் படாமலும், நல்ல சோறும் நல்ல தூக்கமும் கிடைக்கவும் மாரியம்மன் துணையிருப்பாள். அக்காவின் ஆசிகள். மருமகளின் முத்தங்கள். என்னுடைய பங்குக்கு ஒரு குட்டு.

இப்படிக்கு,
சீர் கொடுத்தவரும் வாங்கியவருமான,
க. கணபதி

பின்குறிப்பு: இதை இப்ப பதுளை பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்து எழுதுறேன். கடுதாசியை மடிச்சு வைக்கும்போது மழை வந்துச்சு, போனுக்கு இன்னொரு பை கட்டலாம்னு கம்பத்துல ஏறினா, ஒன் மெசேஜ் இருவத்திமூணு கெடக்கு. மொத மெசேஜ் காதுகுத்துக்கு மறுநாள் வந்தது. லீவு கெடைச்சிருச்சு, ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு பதுளை பஸ் ஸ்டாண்டு, யாராச்சும் வாங்கன்னு போட்டிருக்க. நான் பார்க்கும்போது இன்னைக்கு ஞாயிறு, பகல் பன்னெண்டேகால். ஓடிப்போய் தம்பையாக்கிட்ட சொன்னா, "எனக்குத் தெரியுமே, ஒங்களுக்குத் தெரியாதா"ங்கிறான். கேமு நூத்துக்குத் தொண்ணூத்தாறு வரைக்கும் எறங்கியிருந்துச்சு. போனை எடுத்துட்டுப் போனா நின்னுடுமேன்னு பாப்பாவைப் பார்த்தேன், "அது கெடக்கட்டும், மாமாவைக் கூட்டிட்டு வாங்க"ன்னு அவளே கயித்தை அவுத்துக் குடுத்துட்டா. பாட்டரி பழசு, வயரை உருவினதும் பாதி வழியில போனும் சார்ஜ் இல்லாம அணைஞ்சு போச்சு.

இங்க நீ இல்ல. தேத்தண்ணிக் கடைக்காரர், நீலத் தொப்பி போட்ட ஒருத்தர் மூணு பெரிய பெட்டியோட ஒண்ணரை மணி நேரம் காத்திருந்துட்டு நாகமலை பஸ் ஏறிப் போனார்னு சொன்னாரு. நான் வரும்போது ஒடுக்கமான வளைவுல ரெண்டு பஸ்ஸும் வழி விடுறதுக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நின்னுச்சு. எதிர் பஸ் சன்னல்ல நீலத் தொப்பி போட்ட ஒருத்தர் ரெண்டு கையையும் வெளிய நீட்டி ஆட்டி என்னமோ கத்தினாரு. வெளிநாட்டு ஆளு, தேயிலை மலையைப் பார்த்துச் சந்தோசப்படுறாருன்னு நெனச்சேன். நானும் கை காட்டினேன்.