நாலுக்கு நாலு சார்

தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் இடையில் ஓடுகிற அத்தனை வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி, "இமயமலை ஏற யார் தயார்?" என்று கேட்டால் ஒரே ஒரு வண்டிதான் முன்னால் வரும். கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவில், ஏழாம் நம்பர் வீட்டு ஜீப். அது அதுவரை ஏறியிருந்த அதிகபட்ச உயரம் மேடவாக்கம் மேம்பாலம்.

அதன் சொந்தக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தெருவில் யாருக்கும் தெரியாது. ஜீப்பின் பின்பக்கம் '4x4' என்று எழுதியிருந்தது. நாலு சக்கரங்களுக்கும் இன்ஜின் சக்தி போகும் என்று அதற்கு அர்த்தம். இஸ்திரி போடும் முருகேசன் ஒரு நாள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னா சார், நாலுக்கு நாலுன்னு போட்டுகீது? பாத்ரூம் சைஸா?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஜீப்காரர் நாலுக்கு நாலு சார் ஆகிவிட்டார்.

தாம்பரம் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் அவர் நூலகர். இருபது வருடமாக மாணவர்களைப் பார்த்து 'உஷ்' சொல்லிச் சொல்லியே அவர் தொண்டையில் சத்தம் என்கிற சமாச்சாரம் தேய்ந்து போயிருந்தது. தெருவிலும் குசுகுசுவென்றுதான் பேசுவார். "கட்டு எவ்வளவும்மா?" என்று அவர் கீரைக்கார அம்மாவிடம் கேட்டால், ஏதோ ரகசியம் என்று நினைத்து அந்த அம்மாவும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவர் காதோரம் குனிந்து விலை சொல்லும்.

இப்படிப்பட்ட மனிதரின் வண்டி, கிளம்பினால் நாலு தெருவுக்குக் கேட்கும்.

எனக்கு மேற்குத் தாம்பரத்தில் ஆபீஸ். தினமும் காலையில் என்னை அங்கே இறக்கிவிட்டுத்தான் அவர் கல்லூரிக்குப் போவார். அதனால் அந்த ஜீப் படிப்படியாக ராட்சசன் ஆனதைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்த ஒரே சாட்சி நான்.

ஆரம்பத்தில் அது பரமசாதுவான பழைய ஜீப். கல்லூரிக்குப் போய்வர என்று செகண்ட் ஹாண்டில் வாங்கியது. ஒரு மழைக்காலத்தில் டயர் தேய்ந்துவிட்டது. புது டயர் வாங்கப் போனவர், சேற்றில் ஓடுகிற டயர் ஒன்றைப் பார்த்துவிட்டார். வாழைப்பூ மடல் மாதிரி பட்டை பட்டையாக, பார்த்தாலே பயம் வரும். "ரோடு இல்லாத எடத்துல கூடப் போகுமாம் சார்," என்று என்னிடம் கிசுகிசுத்தார். அந்த நிமிஷத்தில் அவர் கண்ணில் தெரிந்த ஒளியை நான் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால், அடுத்த மூன்று வருடம் பஸ்ஸில் போயிருப்பேன்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பஷீர் பாய் ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை நாங்கள் அங்கே ஆஜர்.

"சார், இவ்ளோ பெரிய டயர் போட்டா பாடில இடிக்கும்," என்றார் பஷீர் பாய் முதல் நாளே. "வண்டிய மூணு இன்ச்சு தூக்கணும்."

"தூக்கிடுங்க பாய்."

"தூக்குனா அடியில ஷாஃப்ட்டு உதறும்."

"உதறாம பண்ணிடுங்க பாய்."

"அத்த மாத்துனா இத்த மாத்தணும், இத்த மாத்துனா வேற ஒண்ணு வரும். இதுக்கு முடிவே கெடையாது சார்."

"எனக்கும் அவசரம் ஒண்ணும் இல்ல பாய்," என்றார் சார்.

பெயரிலேயே முடிவு இருக்கிற ஊர். ஆனால் அங்கே போன இந்த வேலைக்கு மட்டும் முடிவு வரவில்லை. வண்டி உயர்ந்தது. முன்னால் இரும்பு பம்பர் வந்தது. பம்பரில் வின்ச் வந்தது. சேற்றில் மாட்டிய வண்டியை இரும்புக் கயிறு போட்டு இழுக்கிற மோட்டார் அது. அந்தப் பாரத்தில் வண்டி மூக்கு தாழ்ந்து தரையைப் பார்த்தது. அதனால் கனமான ஸ்பிரிங் வந்தது. அந்த ஸ்பிரிங்கில், மேடவாக்கம் ரோட்டுப் பள்ளங்களில் என் தலை கூரையில் இடித்தது. அதனால் கூரைக்கு மெத்தை வந்தது.

நூலகர் இல்லையா, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கார்டு எழுதி எண் போட்டு, மரப்பெட்டியில் அடுக்கியிருந்தார். ஸ்பேனர் கடன் வாங்கினால் தேதி முத்திரை குத்திய சீட்டோடுதான் வரும். ஒரு தடவை நான் இரண்டு நாள் தாமதமாகிவிட்டேன். வாசலில் வந்து நின்று, "பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் சார்... வேற ஒரு ரீடர் கேக்கறாங்க," என்றார். அந்த வேறு ரீடரும் அவர்தான்.

அப்புறம் தும்பிக்கை. வண்டியின் பக்கவாட்டிலிருந்து கூரை வரை ஏறுகிற கறுப்புக் குழாய். பல்லாவரத்தில் ஒரு போக்குவரத்துக் காவலர் நிறுத்திவிட்டார்.

"இன்னா சார் இது, புகைபோக்கியா?"

"இல்ல சார். ஆழமான தண்ணிக்குள்ள போனா இன்ஜின் மூச்சு விடறதுக்கு."

"எந்தத் தண்ணி சார்?"

சார் நேர்மையானவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்போதைக்கு எதுவும் இல்ல," என்று கிசுகிசுத்தார். காவலர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வூட்ல இன்னா சொல்றாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு அனுப்பிவைத்தார்.

வீட்டில் சாரின் மனைவி கீதா அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். எது எப்போது வெடிக்கும், எது வெடிக்காது என்று தெரிந்தவர். வண்டி உயர்ந்த மறுநாள் அவரால் ஏற முடியவில்லை. கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி, அதன் காலில் ஒரு கயிறு கட்டினார். ஸ்டூலில் கால் வைத்து ஏறி சீட்டில் உட்கார்ந்ததும், கிணற்றில் வாளி இழுப்பது மாதிரி ஸ்டூலை மேலே இழுத்துக்கொள்வார். வண்டியில் கியருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கைப்பையை மாட்டுவார். "இந்த வண்டில எனக்குன்னு வச்ச ஒரே வசதி," என்பார்.

உண்மையான தகராறு போர்ட்டிகோவில் ஆரம்பித்தது. கூரையில் சாமான் வைக்கும் கேரியர் பொருத்திய பிறகு, வண்டி வீட்டு போர்ட்டிகோவுக்குள் நுழையவில்லை. இரண்டு அங்குலம் இடித்தது. வேறு யாராக இருந்தாலும் கேரியரைக் கழற்றுவார்கள். சார் தினமும் சாயந்திரம் வாசலில் நிறுத்தி, நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்குவார். வண்டி பெருமூச்சு விட்டுத் தாழும். மெதுவாக உள்ளே போகும். காலையில் வெளியே கொண்டுவந்து, சொந்தக் கம்ப்ரஸரால் திரும்பக் காற்றடிப்பார். ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஆறேமுக்கால் வரை 'கடகடகட'. தெருவில் அலாரம் வைக்கிற வழக்கமே ஒழிந்துபோனது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராகவன் சாருக்கு இது பொறுக்கவில்லை. ஒன்பதாம் நம்பர் வீட்டுக்காரர். ரிட்டயர்ட் தலைமை எழுத்தர். மூன்று கண்டன நோட்டீஸ் அனுப்பினார். மூன்றையும் எங்கள் சார் தேதிவாரியாகக் கோப்பில் வைத்துக்கொண்டார். கடைசியில் ராகவன் சார் நேரிலேயே கத்திவிட்டார்.

"ஊட்டியா கொடைக்கானலா? கீழ்க்கட்டளைல உமக்கு எதுக்குய்யா இந்த ராணுவ வண்டி? ஒரு தடவையாவது ரோட்ட விட்டுக் கீழ எறங்கியிருக்கீரா?"

சார் முகம் சுண்டிப்போனது. உண்மை அதுதானே. மூன்று வருடம் ஆகியும் வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கியதே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கோவளத்துக்குப் பக்கத்தில் சவுக்குத் தோப்புக்குள் போகிற ஒரு மணல் பாதை. இறங்கி இருபதடி போனதும் வண்டி நின்றது. பின்சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் அசையவில்லை. சார் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி அச்சு வரை புதைந்தது. வின்ச் கயிற்றைச் சவுக்கு மரத்தில் கட்டலாம் என்றேன். "சின்ன மரம் சார், பாவம், வேரோட வந்துரும்," என்றார்.

மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா நின்று வேடிக்கை பார்த்தார். "இன்னா சார், நாலு சக்கரம்னு போட்டுகினு ரெண்டுதான் சுத்துது?"

சார் விழித்தார். அந்த அம்மா ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். "அந்த சின்னக் கம்பி இன்னாத்துக்கு?"

"அது கீதா அக்கா பை மாட்டறதும்மா," என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. முன்சக்கரங்களுக்கும் சக்தி கொடுக்கிற லீவரே அதுதான். அதைத் தள்ளினால்தான் நாலும் சுற்றும். மூன்று வருடமாக அதைக் கைப்பையைத் தவிர வேறெதுவும் தொட்டதில்லை. சார் லீவரைத் தள்ளினார். வண்டி ஒரு உறுமல் உறுமிவிட்டு வெளியே வந்தது. அந்த அம்மா இடுப்பில் கைவைத்துச் சிரித்த சிரிப்பு கடல் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வீட்டு வாசலில் இறங்கும்போது சார், "கீதாகிட்ட சொல்லாதீங்க," என்றார்.

ரோடில்லாத 'ஆஃப்ரோடு' பாதை தேடி அவர் அப்புறம் எங்கும் போகவில்லை. ஆஃப்ரோடு அவரைத் தேடி வந்தது.

பாதாளச் சாக்கடைக்காக எங்கள் தெருவைத் தோண்டினார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் மண்மேடு. மழை பெய்ததும் மேடும் பள்ளமும் சேர்ந்து களிமண் பாயசம் ஆகிவிட்டது. ஆட்டோக்காரர்கள் தெருப் பெயரைச் சொன்னாலே தலையாட்டினார்கள். கேஸ் சிலிண்டர் முனையோடு நின்றது. எங்கள் சார் மட்டும் தினமும் அந்தக் குட்டி லீவரைத் தள்ளிவிட்டு, கப்பல் மாதிரி ஆடி ஆடிப் போய்வந்தார். முதலில் சிலிண்டர்கள் ஏறின. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிறகு முருகேசனின் இஸ்திரி மூட்டை. ஏறின எல்லாவற்றுக்கும் சார் ஒரு கார்டு போட்டார்.

ராகவன் சார் வீட்டிலிருந்து மட்டும் எதுவும் ஏறவில்லை. மனுஷர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, சேற்றிலேயே நடந்து போய்வந்தார்.

அவர் மகள் சுகன்யாவுக்குக் கல்யாணம் வந்தது. மண்டபம் மடிப்பாக்கத்தில். முதல் நாள் மாலை நாலரைக்கு நிச்சயதார்த்தம். நாலு மணிக்குள் பெண் மண்டபத்தில் இருக்க வேண்டும். காலையிலிருந்து கொட்டிய மழை மூன்று மணிக்குத்தான் விட்டது. பெண்ணை அழைத்துப் போகப் பூ அலங்காரத்தோடு வந்த கார், தெரு முனையில் பத்தடி உள்ளே வந்து வயிறு வரை சேற்றில் உட்கார்ந்துவிட்டது. காருக்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா வேறு. பட்டு வேட்டியோடு இறங்க முடியாமல், ஜன்னல் வழியாகக் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

ராகவன் சார் வாசலில் நின்றார். உள்ளே பட்டுப்புடவையில் பெண். வெளியே பள்ளம். ஏழாம் நம்பர் வீட்டைப் பார்த்தார்; தலையைத் திருப்பிக்கொண்டார்; திரும்பவும் பார்த்தார். கேட்க வாய் வரவில்லை. அவர் மனைவி அழ ஆரம்பித்துவிட்டார்.

நான் சார் வீட்டுக்கு ஓடினேன். அவர் ஏற்கெனவே சீட்டுகளில் புதுப் பெட்ஷீட் விரித்துக்கொண்டிருந்தார். கீதா அக்கா ஏறி உட்கார்ந்து, குட்டிக் கம்பியில் தொங்கிய கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டி ஒன்பதாம் நம்பர் வாசலில் போய் நின்றது. சார் இறங்கி, ராகவன் சார் காதருகே குனிந்தார்.

"பொண்ணு ரெடியா சார்?"

ராகவன் சார் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கீதா அக்கா ஸ்டூலை இறக்கினார். பெண் ஏறினாள், அம்மா ஏறினார். சீர்வரிசைத் தட்டுகள் கூரைக் கேரியரில் ஏறின. உள்ளே இடம் இல்லாததால் நான் பின்பக்கம் தொற்றிக்கொள்ள, ராகவன் சார் பக்கவாட்டுப் படியில் நின்று, தும்பிக்கைக் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வண்டி கிளம்பியது. மண்மேட்டில் ஏறி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "ஐயோ, விழப்போறோம்! நாராயணா!" என்று ராகவன் சார் அலறினார். "உஷ்," என்றார் சார், பழக்கதோஷத்தில். வண்டி மறுபக்கம் சாய்ந்தது, பள்ளத்தில் இறங்கியது, சேற்றை இரண்டு ஆள் உயரத்துக்கு வாரி அடித்தது, மேலே ஏறியது. சுகன்யா கைகொட்டிச் சிரித்தாள். "அங்கிள், இன்னொரு ரவுண்டு போலாமா?"

"ரிட்டர்ன்ல பாத்துக்கலாம்மா," என்றார் சார்.

தெரு முனையில் நிறுத்தி, வின்ச் கயிற்றை அலங்காரக் காரில் மாட்டினார். வாங்கிய நாளிலிருந்து அது இழுத்த முதல் பாரம். மோட்டார் முனகியது. கார் 'ப்ளக்' என்று சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது, பெரியப்பாவும் மல்லிகைச் சரங்களும் சகிதமாக. தெருவே கைதட்டியது. முருகேசன் விசிலடித்தார். நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மண்டப வாசலில் நாதஸ்வரம் எங்கள் ஜீப்புக்குத்தான் ஊதியது. நான் சாரைப் பார்த்தேன். சட்டை முழுக்கச் சேறு. இத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இப்போது அந்தத் தெருவில் வழுவழுவென்று சிமெண்ட் ரோடு. நானும் பெருங்களத்தூருக்கு வீடு மாறிவிட்டேன். சாமானுக்கு லாரி பிடித்திருந்தேன். ஆனாலும் காலையிலேயே ஜீப்போடு வந்து நின்றார். என் மனைவி வளர்த்த துளசித் தொட்டியைப் பார்த்து, "லாரில போட்டா ஒடஞ்சிரும்," என்று அதைத் தன் பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டார். மலை ஏறுவதற்கென்றே செய்த அந்த வண்டியை வழி முழுக்க இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். புது வீட்டு வாசலில் தொட்டியை இறக்கி என் கையில் கொடுத்துவிட்டு, "ஒரு துளி மண்ணு சிந்தல, பாருங்க," என்றார்.

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், ஒரு அண்ணன் கீழ்க்கட்டளையில் இருக்கிறார் என்று சொல்லியிருப்பேன்.